சத்தம் வராத கணினி: ஒலி டிரைவர் பிழையைக் காசு செலவில்லாமல் சரிசெய்ய முழு வழிகாட்டி

டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருக்கும். மவுஸை அதன்மேல் வைத்தால் "நோ ஆடியோ அவுட்புட் டிவைஸ் இஸ் இன்ஸ்டால்ட்" என்று வரும். பெரும்பாலானவர்கள் அந்த வரியை அப்படியே கூகுளில் தட்டி, முதலில் வரும் "டிரைவர் அப்டேட்" மென்பொருளை இறக்கி, அது கேட்கும் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். சத்தம் மட்டும் திரும்புவதில்லை.

டிரைவர் என்பது ஒரு சாதனத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள். கணினியோடு வந்த ஒலிச் சிப்புக்கான டிரைவரை, கணினியைச் செய்த நிறுவனமே இலவசமாகத் தருகிறது. தேவையானது வரிசை தவறாத சோதனை மட்டுமே. இங்கே சொல்வது விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுப் பெயர்கள் வேறுபடும் இடங்களில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் கணினியின் முழு மாடல் எண். "டெல் இன்ஸ்பிரான் 15" என்பது போதாது. 3511, 3520 என்று அதற்குள்ளேயே தனித்தனி மாடல்கள் இருக்கின்றன, உள்ளே இருக்கும் சிப்பும் மாறும். டெல் லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் ஏழு எழுத்தில் சர்வீஸ் டேக் இருக்கும். எச்பியில் ப்ராடக்ட் நம்பர், லெனோவோவில் மெஷின் டைப் என்று எழுதியிருக்கும். டெஸ்க்டாப் என்றால் கேபினெட்டின் பெயரால் பயனில்லை, மதர்போர்டின் பெயர் வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்து, "பேஸ்போர்டு ப்ராடக்ட்" என்ற வரியைப் பாருங்கள்.

அடுத்து விண்டோஸ் பதிப்பு. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் தெரியும். 64 பிட்டா, 32 பிட்டா என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ரீஸ்டோர் பாயின்ட். ஸ்டார்ட் மெனுவில் "கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்" என்று தேடினால் ஒரு சிறு ஜன்னல் திறக்கும். சி டிரைவுக்கு நேராக "ஆஃப்" என்றிருந்தால் கான்ஃபிகர் பட்டனை அழுத்தி ஆன் செய்துவிட்டு, கிரியேட் கொடுங்கள். புது டிரைவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப இதுதான் வழி. அவசரத்தில் இதை விட்டுவிடுபவர்கள்தான் கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போடும் நிலைக்கு வருகிறார்கள்.

ஒரு வயர் இயர்போனும், கிடைத்தால் ஒரு யூஎஸ்பி ஹெட்செட்டும் எடுத்து வையுங்கள். பழுது எங்கே என்று பிரித்துப் பார்க்க இவை இரண்டும் வேண்டும். போன் கேமராவையும் பயன்படுத்துங்கள். எதை மாற்றினாலும், மாற்றும் முன் திரையை ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

2. டிரைவரைத் தொடும் முன் ஐந்து நிமிடச் சோதனை

கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது இதற்கு ஈடாகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் நிலையில் இருந்தால், ஷட்டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உட்பகுதியின் நிலையையும் டிரைவர்களின் நிலையையும் டிஸ்க்கில் சேமித்துவைத்து, மறுபடி ஆன் செய்தால் அதையே திரும்ப ஏற்றும். சிக்கிக்கொண்ட டிரைவர் சிக்கியபடியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

பிறகு ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, ஒலி எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ வழியாக மானிட்டரோ டிவியோ இணைத்திருந்தால், ஸ்பீக்கர் இல்லாத அந்த மானிட்டருக்கே ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும். எப்போதோ இணைத்த புளூடூத் இயர்போன் பக்கத்து அறையில் ஆன் ஆகிக் கிடந்தாலும் இதே கதைதான். பட்டியலில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தாலே பல "டிரைவர் பிழைகள்" அங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசியாக வால்யூம் மிக்சரைத் திறந்து, குறிப்பிட்ட செயலி மட்டும் மியூட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப்பில் பின்பக்கப் பச்சை நிறத் துளையில்தான் ஸ்பீக்கர் வயர் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு மைக்குக்கு, வெளிர்நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கு.

3. பழுது எந்த அடுக்கில் இருக்கிறது?

இந்த வேலையின் உயிர்நாடி இந்தப் படிதான். பாட்டு ஒலிக்க வேண்டுமென்றால் நான்கு அடுக்குகள் ஒழுங்காக இருக்க வேண்டும்: பாட்டை ஓட்டும் செயலி, விண்டோஸின் ஆடியோ சர்வீஸ் (பின்னணியில் ஓடி ஒலியைக் கையாளும் பகுதி), டிரைவர், கடைசியாகச் சிப்பும் ஸ்பீக்கரும். எது பழுது என்று தெரியாமல் டிரைவரை மாற்றினால், நன்றாக இருந்த அடுக்கும் கெட்டுவிடும்.

செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் என்று போய், "மோர் சவுண்ட் செட்டிங்ஸ்" என்பதை அழுத்துங்கள். விண்டோஸ் 10-இல் அது "சவுண்ட் கன்ட்ரோல் பேனல்" என்ற பெயரில் இருக்கும். பழைய பாணிச் சிறு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் ப்ளேபேக் தாவலை வைத்துக்கொண்டு, பின்னணியில் ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் பெயருக்கு வலப்பக்கம் ஒரு சிறிய செங்குத்துப் பட்டை இருக்கிறதே, அதைக் கவனியுங்கள்.

பட்டை பச்சையாக ஏறி இறங்குகிறது, ஆனால் சத்தம் இல்லை. அப்படியென்றால் விண்டோஸ் ஒலியை ஒழுங்காக அனுப்புகிறது, அதற்குப் பிறகு எங்கேயோ அடைப்பு. வயர், ஜாக், ஸ்பீக்கர், அல்லது மாடலுக்குப் பொருந்தாத டிரைவர். இயர்போனில் கேட்கிறது, லேப்டாப் ஸ்பீக்கரில் மட்டும் கேட்கவில்லை என்றால் பொருந்தாத டிரைவர் என்ற சந்தேகம் வலுக்கிறது. காரணம் ஏழாம் படியில்.

பட்டை அசையவே இல்லை என்றால் செயலியிலோ சர்வீஸிலோ பழுது. வேறொரு செயலியில் பாட்டை ஓட்டிப் பாருங்கள், அப்போதும் அசையாவிட்டால் நான்காம் படிக்குப் போங்கள்.

பட்டியலில் ஸ்பீக்கரே இல்லை. வெற்று இடத்தில் ரைட் கிளிக் செய்து "ஷோ டிஸேபிள்ட் டிவைசஸ்" என்பதை டிக் செய்யுங்கள். மங்கலாக ஸ்பீக்கர் தெரிந்தால், யாரோ அணைத்துவைத்திருக்கிறார்கள். அதன்மேல் ரைட் கிளிக், எனேபிள், வேலை முடிந்தது. அப்போதும் தெரியாவிட்டால்தான் டிரைவர் பக்கம் போக வேண்டும்.

யூஎஸ்பி ஹெட்செட் இருந்தால் இப்போது செருகுங்கள். சாதாரண யூஎஸ்பி ஹெட்செட்டுக்குள்ளேயே தனி ஒலிச் சிப் இருக்கிறது, அது விண்டோஸோடு வரும் பொது டிரைவரில் ஓடும். அதில் சத்தம் கேட்டால் செயலியும் சர்வீஸும் சரி. பழுது கணினியின் சொந்தச் சிப்பிலோ அதன் டிரைவரிலோதான். அதிலும் கேட்காவிட்டால் டிரைவரை மாற்றுவதில் பொருளே இல்லை.

4. ஆடியோ சர்வீஸ்

"தி ஆடியோ சர்வீஸ் இஸ் நாட் ரன்னிங்" என்று வந்தால் அது டிரைவர் பிழை அல்ல. ஸ்டார்ட் மெனுவில் "சர்வீசஸ்" என்று தேடித் திறந்து, "விண்டோஸ் ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்" என்பதை முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு "விண்டோஸ் ஆடியோ". இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: இரண்டாவது முதலாவதைச் சார்ந்து ஓடுகிறது. கீழே இருப்பது நின்றிருக்க, மேலே இருப்பதை எத்தனை முறை தட்டினாலும் எழாது. இரண்டுக்கும் ஸ்டார்ட்அப் டைப் "ஆட்டோமேட்டிக்" என்றிருக்க வேண்டும். கணினியை வேகமாக்குகிறேன் என்று சொல்லும் மென்பொருள்கள் சர்வீஸ்களை "மேனுவல்" ஆக்கிவைத்துவிட்டுப் போவது வழக்கம், அதனால் இதைத் தவறாமல் பாருங்கள்.

5. டிவைஸ் மேனேஜரைப் படிப்பது

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். கணினியில் உள்ள சாதனங்களின் பட்டியல் இது. பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, "சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்". இங்கே இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது. "இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ", "என்விடியா ஹை டெஃபினிஷன் ஆடியோ" என்பவை எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகும் ஒலிக்கானவை. அவற்றை எவ்வளவு அப்டேட் செய்தாலும் லேப்டாப் ஸ்பீக்கர் பேசாது. உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் "ரியல்டெக்" என்று தொடங்கும் வரி. ஒலிச் சிப் செய்யும் நிறுவனத்தின் பெயர் அது.

இரண்டாவது, "சிஸ்டம் டிவைசஸ்". "ஹை டெஃபினிஷன் ஆடியோ கன்ட்ரோலர்" அல்லது "இன்டெல் ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி" இங்கே இருக்கும். ஒலிச் சிப் இந்தக் கன்ட்ரோலரின் வழியாகத்தான் விண்டோஸுக்குத் தெரியவரும்.

மூன்றாவது, "அதர் டிவைசஸ்". மஞ்சள் குறியோடு "மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்" என்று இங்கே ஒன்று கிடந்தால், சாதனம் உயிரோடு இருக்கிறது, டிரைவர்தான் இல்லை. இது நல்ல செய்தி.

மஞ்சள் குறி உள்ள வரியை இரட்டைக் கிளிக் செய்தால் "டிவைஸ் ஸ்டேட்டஸ்" பெட்டியில் ஒரு கோட் எண் இருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து என்ன செய்வது என்பது அதைப் பொறுத்தது.

கோட் 22 என்றால் சாதனம் அணைக்கப்பட்டிருக்கிறது. ரைட் கிளிக், எனேபிள்.
கோட் 28 என்றால் டிரைவரே இல்லை. நேராக ஏழாம் படி.
கோட் 10 என்றால் சாதனம் தொடங்க மறுக்கிறது. பெரும்பாலும் அண்மையில் வந்த டிரைவர் மாற்றத்தின் விளைவு. ஆறாம் படி.
கோட் 39 என்றால் டிரைவர் கோப்பு கெட்டிருக்கிறது அல்லது காணவில்லை. ஆறாம் படியில் சொல்லும் முழு நீக்கம், பிறகு ஏழாம் படி.
கோட் 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை. கண்ட இடத்தில் இறக்கிய டிரைவர் இப்படி மாட்டும். கையொப்பச் சோதனையை அணைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள், அந்த டிரைவரைத் தூக்கியெறியுங்கள்.
கோட் 43 என்றால் சாதனமே பழுதைத் தெரிவிக்கிறது. ஒருமுறை டிரைவரை மாற்றிப் பார்த்துவிட்டு ஒன்பதாம் படிக்குப் போங்கள்.

அதே ஜன்னலில் டீடெய்ல்ஸ் தாவலுக்குப் போய், மேலே உள்ள பட்டியலில் "ஹார்ட்வேர் ஐடிஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமான ஒரு வரி வரும். அதில் வெண்டர் எண் (சிப்பைச் செய்த நிறுவனத்தின் எண்) என்று நான்கு எழுத்து இருக்கும். 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10இசி என்றால் ரியல்டெக், 10டிஇ என்றால் என்விடியா, 14எஃப்1 என்றால் கோனெக்சன்ட். பெயர் தெரியாத சாதனம் யாருடையது என்று கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான வழி இல்லை.

6. பின்வாங்குவது, முழுதாக நீக்குவது

நேற்றுவரை சத்தம் வந்தது, அப்டேட்டுக்குப் பிறகு நின்றது என்றால், புது டிரைவர் தேடி அலைய வேண்டாம். ரியல்டெக் வரியை இரட்டைக் கிளிக் செய்து, டிரைவர் தாவலில் "ரோல் பேக் டிரைவர்" அழுத்துங்கள். பட்டன் மங்கலாக இருந்தால், திரும்பிப்போகப் பழைய டிரைவர் கணினியில் இல்லை என்று பொருள்.

ரோல் பேக் உதவாவிட்டால் நீக்கம். சாதனத்தில் ரைட் கிளிக் செய்து "அன்இன்ஸ்டால் டிவைஸ்" கொடுங்கள். வரும் பெட்டியில் ஒரு டிக் இடம் இருக்கும். விண்டோஸ் 10-இல் "டெலீட் தி டிரைவர் சாஃப்ட்வேர்" என்றும், விண்டோஸ் 11-இல் "அட்டெம்ப்ட் டு ரிமூவ் தி டிரைவர்" என்றும் தொடங்கும்.

முதல் முறை அந்த டிக் இல்லாமல் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அமைப்பு குழம்பியிருந்தால் அதே டிரைவர் புதிதாக ஏறிச் சரியாகிவிடும். பலனில்லை என்றால் இரண்டாம் முறை டிக்கோடு நீக்குங்கள். டிக் இல்லாமலே பத்து முறை நீக்கிவிட்டு, "அதே டிரைவர்தான் திரும்பத் திரும்ப வருகிறது" என்று குழம்புபவர்கள் ஏராளம். கோப்பு டிஸ்க்கிலேயே இருந்தால் விண்டோஸ் அதைத்தான் எடுக்கும்.

டிக்கோடு நீக்குவதற்கு முன் ஒன்று மட்டும்: ஏழாம் படியில் சொல்லும் சரியான டிரைவரை முதலில் இறக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. சரியான டிரைவரைச் சரியான வரிசையில் போடுவது

லேப்டாப் என்றால் லேப்டாப் நிறுவனத்தின் தளம், அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டு நிறுவனத்தின் தளம். சப்போர்ட் பக்கத்தில் மாடல் எண்ணையோ சர்வீஸ் டேகையோ கொடுத்து, உங்கள் விண்டோஸ் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாமல், முகவரியைப் பார்த்து உள்ளே போங்கள்.

சிப் ரியல்டெக் என்பதால் ரியல்டெக் தளத்துக்கே போவது நியாயமாகத் தோன்றும். ஆனால் தங்கள் தளத்தில் இருப்பவை பொது டிரைவர்கள், கணினி நிறுவனங்கள் செய்த தனி மாற்றங்கள் அவற்றில் இல்லாமல் போகலாம் என்று ரியல்டெக் நிறுவனமே சொல்கிறது. அந்த மாற்றங்கள் சின்ன விஷயமல்ல. ஒரே சிப்பை இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாக வயரிங் செய்திருப்பார்கள். எந்தக் கால் ஸ்பீக்கருக்கு, எது ஹெட்போனுக்கு, உள்மைக் எங்கே என்பதெல்லாம் மாறும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்கென்று தனி ஆம்ப்ளிஃபையர் சிப்பும் உண்டு. அதைத் தட்டி எழுப்பும் கட்டளை நிறுவனத்தின் டிரைவரில்தான் இருக்கும். பொது டிரைவர் போட்டால் ஹெட்போன் பாடும், ஸ்பீக்கர் ஊமையாகும். மூன்றாம் படியில் சொன்ன அறிகுறி இதுதான்.

இறக்கியபின் போட வேண்டிய வரிசை:

முதலில் சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) டிரைவர். போட்டதும் ரீஸ்டார்ட்.
அடுத்து, இன்டெல் லேப்டாப்பில் சீரியல் ஐஓ, ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி ஆகியவை தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அவை. மறுபடி ரீஸ்டார்ட்.
கடைசியாக ஆடியோ டிரைவர். மீண்டும் ரீஸ்டார்ட்.

ஸ்மார்ட் சவுண்ட் உள்ள லேப்டாப்களில் ஒலிச் சிப் அதன் பின்னால் தொங்குகிறது. அது ஏறாதவரை ரியல்டெக் சிப் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது. ஆடியோ டிரைவரை முதலில் போட்டால் "வெற்றிகரமாக முடிந்தது" என்றுகூட சொல்லும், ஆனால் சத்தம் வராது. டிரைவர் எந்தச் சாதனத்திலும் போய் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

செட்அப் ஓடியும் எதுவும் மாறாவிட்டால், இறக்கிய கோப்பை ஒரு ஃபோல்டரில் பிரித்துவைத்து, டிவைஸ் மேனேஜரில் "அப்டேட் டிரைவர்", "பிரவுஸ் மை கம்ப்யூட்டர் ஃபார் டிரைவர்ஸ்" என்று போய் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். "இன்க்ளூட் சப்ஃபோல்டர்ஸ்" டிக் இருக்க வேண்டும். பொருந்தும் டிரைவர் உள்ளே இருந்தால் விண்டோஸே கண்டுபிடித்து எடுக்கும்.

இன்னொரு பொதுத் தடுமாற்றம்: மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து "ரியல்டெக் ஆடியோ கன்சோல்" செயலியை மட்டும் இறக்குவது. அது டிரைவர் அல்ல, டிரைவருக்கான கட்டுப்பாட்டுப் பலகை. பொருந்தும் டிரைவரும் அதன் சர்வீஸும் இல்லாத கணினியில் ஆர்பிசி சர்வீஸோடு இணைய முடியவில்லை என்று பிழை காட்டும். டிரைவரைப் போட்டபின் அந்தச் செயலியைத் திறங்கள்.

8. நிறுவனத்தின் டிரைவரும் உதவாவிட்டால்

விண்டோஸோடு ஒரு பொது டிரைவர் வருகிறது, "ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்" என்று பெயர். "அப்டேட் டிரைவர்", "பிரவுஸ்", அதன்பின் "லெட் மீ பிக்" என்று தொடங்கும் வரியை அழுத்தினால் அது பட்டியலில் தெரியும். தேர்ந்தெடுத்து, எச்சரிக்கைக்கு "யெஸ்" கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இதில் ஈக்வலைசர் போன்ற வசதிகள் போய்விடும், தனி ஆம்ப்ளிஃபையர் உள்ள லேப்டாப்பில் ஸ்பீக்கர் பேசாமலும் போகலாம். சாதாரணச் சிப்களில் சத்தம் வந்துவிடும். 2018 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாகவே 9.21.00.3755 என்ற பதிப்பு எண் கொண்ட இன்டெல் ஆடியோ டிரைவர் பொருந்தாத கணினிகளுக்குத் தவறுதலாகப் போய், பலருடைய கணினிகள் ஊமையாயின. அந்தத் தவறான டிரைவரை அகற்றியதும் சத்தம் திரும்பியது.

புதிய பதிப்பு என்பதாலேயே ஒரு டிரைவர் உங்களுக்கு நல்லது என்று ஆகிவிடாது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்ற இடத்தில் டிரைவர்கள் வரிசையாக நிற்கும். பழுது இருந்தால் மட்டும் அங்கே கை வையுங்கள். சத்தம் ஒழுங்காக வரும் கணினியில் எல்லாவற்றையும் டிக் செய்து போடாதீர்கள்.

9. பழுது டிரைவரில் இல்லை என்று எப்படித் தெரியும்?

டிவைஸ் மேனேஜரில் சாதனமே இல்லை, "ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ்" கொடுத்தும் வரவில்லை என்றால் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். "ஆன்போர்டு ஆடியோ" அல்லது "எச்டி ஆடியோ கன்ட்ரோலர்" என்பது எனேபிள்ட் நிலையில் இருக்க வேண்டும்.

லேப்டாப் என்றால் ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியதானால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து, சிக்கிப்போன சிப் புதிதாகத் தொடங்கும்.

அதற்கும் மசியாவிட்டால் ஒரு யூஎஸ்பி பென்டிரைவில் உபுண்டு லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் "ட்ரை" முறையில் ஓட்டிப் பாருங்கள். அங்கே சத்தம் வந்தால் சிப் நன்றாக இருக்கிறது, விண்டோஸில்தான் கோளாறு. விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்ற இடத்தில் "ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்" என்று ஒன்று உண்டு. கோப்புகளையும் செயலிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் புதிதாகப் போடும். லினக்ஸிலும் சத்தம் இல்லை, பயாஸில் எல்லாம் சரி என்றால், ஓரளவு பழைய கணினியில் அது சிப் பழுதாகவே இருக்கும். மிகப் புதிய லேப்டாப்பில் லினக்ஸுக்கே சிப் பழகாமல் இருக்கலாம், அங்கே இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். சிப் போயிருந்தாலும் மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. யூஎஸ்பி சவுண்ட் கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, செருகினால் போதும்.

10. காசு கேட்கும் "டிரைவர் ரிப்பேர்" மென்பொருளின் உள்வேலை

இறக்கி ஓடவிட்டால், ஸ்கேன் இலவசம். முடிந்ததும் சிவப்பு நிறத்தில் "23 டிரைவர்கள் காலாவதி" என்ற தொனியில் ஒரு எண் வரும். சரிசெய்ய வேண்டுமென்றால் பணம்.

அந்த எண் எப்படி வருகிறது என்பதை உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். டிவைஸ் மேனேஜரில் "சிஸ்டம் டிவைசஸ்" கீழ் ஏதாவது ஒரு மைக்ரோசாஃப்ட் சாதனத்தைத் திறந்து, டிரைவர் தாவலில் தேதியைப் பாருங்கள். பலவற்றில் 2006 ஜூன் 21 என்று இருக்கும், நேற்று வாங்கிய கணினியிலும்கூட. டிரைவரைப் பொருத்தும்போது விண்டோஸ் தேதியையும் ஒப்பிடுகிறது. தன் பொது டிரைவர் எப்போதும் நிறுவனத்தின் டிரைவருக்கு வழிவிட வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே போட்ட பழைய தேதி அது. இன்டெல் சிப்செட் வரிகளில் 1968 ஜூலை 18 என்றுகூட இருக்கும். அது இன்டெல் நிறுவனம் தொடங்கிய நாள். அந்தக் காலத்தில் விண்டோஸே கிடையாது. இந்தத் தேதிகளை வைத்து "மிகப் பழைய டிரைவர், ஆபத்து" என்று ஒரு மென்பொருள் சொன்னால், அது உங்களைப் பயமுறுத்தப் பார்க்கிறது என்று அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

இது வெறும் சந்தேகமல்ல. கணினியைப் பழுதுபார்ப்பதாகச் சொல்லி விற்ற ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற சைப்ரஸ் நிறுவனங்கள்மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து, 2024 மார்ச்சில் 2.6 கோடி டாலர் தர ஒப்புக்கொள்ள வைத்தது. விண்டோஸ் எச்சரிக்கை போலத் தோன்றும் பாப்-அப், கணினி எந்த நிலையில் இருந்தாலும் பழுது காட்டும் ஸ்கேன், 27 முதல் 58 டாலர்வரை மென்பொருள் விலை, பிறகு போனில் அழைத்து இன்னும் பெரிய தொகைக்கு "சர்வீஸ்" என்று அடுக்கடுக்காக நடந்ததாகக் கமிஷன் குற்றம்சாட்டியது.

பணம் போவதோடு நிற்பதில்லை. இந்த மென்பொருள்கள் ஹார்ட்வேர் ஐடியை மட்டும் பார்த்துப் பொது டிரைவரை ஏற்றிவிடும், ஏழாம் படியில் சொன்ன வயரிங் வேறுபாடு அவற்றுக்குத் தெரியாது. தானியங்கிக் கருவி வேண்டுமென்றால் டெல் சப்போர்ட்அசிஸ்ட், லெனோவோ வான்டேஜ், எச்பி சப்போர்ட் அசிஸ்டன்ட், மைஆசஸ் ஆகியவை அந்தந்த நிறுவனங்களே இலவசமாகத் தருபவை.

திரையில் போன் நம்பரோடு எச்சரிக்கை வந்தால் அது போலி. மைக்ரோசாஃப்ட் தன் பிழைச் செய்திகளில் போன் நம்பர் கொடுப்பதில்லை.

11. ஏற்கெனவே போட்டுவிட்டால், பணமும் கட்டிவிட்டால்

யாராவது போனில் பேசி உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கியிருந்தால், முதல் வேலை வைஃபையைத் துண்டிப்பது. மற்றதெல்லாம் பிறகு. எனிடெஸ்க், டீம்வியூவர் போல அவர்கள் போடச் சொன்னதை நீக்குங்கள். மெயில், வங்கிக் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள், போனிலிருந்து மாற்றுங்கள். வங்கியை அழைத்துக் கார்டை நிறுத்துங்கள். இந்தியாவில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகரும் முன் அழைத்தால்தான் தடுத்துவைக்க வாய்ப்பு அதிகம், எனவே மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

தொலைவியக்கம் எதுவும் நடக்கவில்லை, மென்பொருள் மட்டும் வாங்கினீர்கள் என்றால், செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அதை நீக்குங்கள். கூடவே அதே நாளில் ஏறிய வேறு பெயர்கள் இருக்கிறதா என்று தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள், துணைக்கு ஒன்றிரண்டு வந்திருக்கும். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் திறந்து தெரியாதவற்றை அகற்றுங்கள். மூலையில் வந்து பயமுறுத்தும் பாப்-அப்கள் பலவும் அங்கிருந்துதான் வருகின்றன. பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் ஆஃப்லைன் ஸ்கேன் ஓடவிடுங்கள்.

பணம் கட்டியது கார்டு வழியாகவோ யூபிஐ ஆட்டோபே வழியாகவோ என்றால், மென்பொருளை நீக்கினாலும் ஆண்டுச் சந்தா தானாகத் தொடரும். யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியிலும், வங்கியின் செயலியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் பகுதியிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து ரத்து செய்யுங்கள். பணம் திரும்பக் கேட்டு விற்றவருக்கு மெயில் அனுப்புங்கள். வாங்கியபோது வந்த ரசீது மெயிலில் பணம் திரும்பக் கேட்கும் காலக்கெடு எழுதியிருக்கும், அந்த நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும்.

அது ஏற்றிவைத்த டிரைவர்கள் மட்டும் இன்னும் கணினியில் இருக்கும். முதல் படியில் சொன்ன ரீஸ்டோர் பாயின்ட் அதற்கு முந்தைய தேதியில் இருந்தால் அதற்குத் திரும்புங்கள். இல்லையென்றால் ஆறாம் படியில் சொன்னபடி டிக்கோடு நீக்கிவிட்டு, ஏழாம் படியின் வரிசையில் சிப்செட்டிலிருந்து தொடங்குங்கள்.